கார்ட்ரைட் வீட்டுக்குப் பெண் கொடுக்காதீர்கள்

பென் கார்ட்ரைட்டின் ஜாதகத்தை எந்த ஜோசியரிடம் கொண்டுபோனாலும், கட்டத்தைப் பார்த்த கையோடு நோட்டை மூடிவிட்டு, "பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியுமா?" என்றுதான் கேட்பார். ஏழாமிடம் அப்படி. முதல் மனைவி எலிசபெத், கப்பல் கேப்டனின் மகள், பிரசவத்தில் போனாள். இரண்டாவது இங்கர், சுவீடன்காரி. அம்பு பாய்ந்து போனாள். மூன்றாவது மேரி, நியூ ஆர்லியன்ஸ் அழகி; குதிரையிலிருந்து விழுந்து போனாள். மூவரும் பொறுப்பான பெண்கள். ஆளுக்கொரு ஆண்பிள்ளையைப் பெற்றுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள்.

இந்தக் குடும்பத்தின் கதையான 'போனான்ஸா' என்கிற அமெரிக்க டி.வி. தொடர் 1959 செப்டம்பரில் என்.பி.சி.யில் ஆரம்பித்து 14 சீசன் ஓடியது. நெவாடாவில் ஆயிரம் சதுர மைல் பண்ணை, மூன்று தடிப்பிள்ளைகள், இட்டதைச் செய்ய ஒரு சீனச் சமையல்காரர், சோகம் தோய்ந்த ஓர் அப்பா. அப்பாவாக நடித்த லோர்ன் கிரீன் பிறந்தது 1915-இல். மூத்த மகன் ஆடமாக வந்த பெர்னெல் ராபர்ட்ஸ் பிறந்தது 1928-இல். பதின்மூன்று வயதில் தகப்பனானவர் பென். பால்ய விவாகத்தைத் தடுத்த சாரதா சட்டம் நெவாடா வரை எட்டவில்லை. இரண்டாவது மகன் ஹாஸாக வந்த டான் பிளாக்கரும் அதே 1928-தான். ஒரே வருஷத்தில், வேறு வேறு தாய்க்கு, இரண்டு பிள்ளை. பண்ணையில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

கிரீன் கனடாக்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சி.பி.சி. வானொலியில் செய்தி வாசித்தார். போர்முனைச் சாவுகளை அந்தக் கனத்த குரலில் கேட்டுக் கேட்டு ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'அழிவின் குரல்'. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தவர்களுக்கு இவ்வளவு தெளிவான பதில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

தோஷம் வாரிசுரிமையாகவும் இறங்கியது. கார்ட்ரைட் பையன் எவனாவது ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தால் அந்த எபிசோட் முடிவதற்குள் அவள் செத்துப்போவாள், இல்லையென்றால் ஊரைவிட்டே போவாள். 1972-இல் கடைக்குட்டி ஜோ ஆலிஸ் என்கிற பெண்ணைக் கட்டினான். இரண்டு மணி நேர எபிசோட். கல்யாணமும் அதிலேயே, கருமாதியும் அதிலேயே. எழுதி இயக்கியவர் ஜோவாக நடித்த மைக்கேல் லேண்டனேதான். மற்றவர்களுக்கு ஆள் வைத்துச் செய்த காரியத்தைக் கடைக்குட்டி தன் கையாலேயே செய்துகொண்டான்.

கார்ட்ரைட் குடும்பத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அந்தக் காலத்து அமெரிக்க டி.வி.யில் அம்மாவாக இருப்பதைவிட நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குவது மேல். எண்ணெய்க் கிணறு கிடைத்துப் பெவர்லி ஹில்ஸுக்குக் குடிவந்த ஜெட் கிளாம்பெட், பெண்டாட்டி இல்லாதவர். டால்ஃபின் வளர்த்த 'ஃபிளிப்பர்' பையன்களின் அப்பா, பெண்டாட்டி இல்லாதவர். அலைச்சறுக்குப் பைத்தியம் கிட்ஜெட்டின் அப்பா பேராசிரியர், அவருக்கும் இல்லை. கார்ட்டூனையாவது விட்டார்களா? 'ஜானி குவெஸ்ட்' பையனின் விஞ்ஞானி அப்பாவுக்கும் மனைவியை வரையவில்லை. இவ்வளவுக்கும் 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அம்மா இல்லாமல் அப்பாவோடு மட்டும் வாழ்ந்த குழந்தைகள் நூற்றுக்கு ஒன்றுதான். அம்மாவோடு மட்டும் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு எட்டு. எட்டைக் கண்டுகொள்ளாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் கதை சொன்னார்கள்.

ஏன் என்று கேட்டால் முதல் காரணம், விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டாலே விளம்பரம் கொடுத்த கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. கட்டினவளைக் கைவிட்டவன் விற்கிற சோப்பை எந்தக் குடும்பப் பெண் வாங்குவாள்? செத்துப்போய்விட்டாள் என்றால் பிரச்சினை இல்லை. பரிதாபத்தில் இரண்டு கட்டி சேர்த்தே வாங்குவாள். 1970-இல்கூட 'மேரி டைலர் மூர் ஷோ' நாயகியை விவாகரத்தானவளாகக் காட்ட சி.பி.எஸ். சம்மதிக்கவில்லை. அதற்கு முன் அவர் டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்திருந்தார். அந்த மனுஷனையே உதறிவிட்டு வந்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களாம். விவாகரத்தானவர்கள், நியூயார்க்காரர்கள், யூதர்கள், மீசை வைத்தவர்கள், இந்த நாலு பேரையும் அமெரிக்கர்களுக்குப் பிடிக்காது என்று ஆராய்ச்சிப் பிரிவு ஆசாமி பாடம் எடுத்ததாக அந்தத் தொடரை உருவாக்கியவர்கள் பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மீசையை இதில் சேர்த்தவன் மட்டும் மதுரைப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது நல்லது.

டி.வி. மனைவியைச் சாகடித்ததில் முன்னோடி டேனி தாமஸ். அவருடைய தொடரில் மனைவியாக நடித்த ஜீன் ஹேகனுக்கு மூன்று சீசனில் அலுத்துவிட்டது, 1956-இல் விலகிக்கொண்டார். 'சிங்கிங் இன் த ரெயின்' படத்துக்காக ஆஸ்கர் வரை போன நடிகை, எத்தனை நாளைக்குத்தான் புருஷன் அடிக்கிற ஜோக்குக்குத் தலையாட்டுவார்? வேலையை விட்டால் மற்றவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்புவார்கள். இவருக்குக் கதையையே முடித்துவிட்டார்கள். அடுத்த சீசன் முதல் நாளே, அம்மா போய்விட்டாள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார் டேனி. சீசன் முடிவதற்குள் மறுகல்யாணத்துக்கான ஏற்பாடும் ஆகிவிட்டது.

இன்னொரு காரணத்தை எந்தக் கம்பெனியும் வெளியே சொன்னதில்லை, நான் சொல்கிறேன். அம்மா இருந்தால் கதை மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பையன் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் அவள் இரண்டு வார்த்தை கேட்பாள், ஒன்று வைப்பாள், சட்டையைத் தைத்துப் போடுவாள். அப்பா என்றால் நிறுத்தி நிதானமாக யோசிப்பார், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆலோசிப்பார், ஒரு தடவை தப்பாகச் செய்வார், கடைசியில் பையனைப் படுக்கையில் உட்கார்த்தி வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார். அரை மணி நேரம் நிறைந்துவிடும். பார்க்கிறவர்களும் 'என்ன மாதிரி அப்பா!' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தினமும் இதையே செய்கிற அம்மாக்கள் எதிர் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களில் உண்மையாகவே தனியாக இருந்த அப்பா ஒருவர் உண்டு, அவர் கையில் துப்பாக்கி இருந்தது. 1958-இல் ஏ.பி.சி.யில் வந்த 'தி ரைஃபிள்மேன்' நாயகன் லூகாஸ் மெக்கெய்ன். நடித்தவர் சக் கானர்ஸ்; ஆறடி ஐந்து அங்குலம், கூடைப்பந்து, பேஸ்பால் இரண்டும் தொழில்முறையாக ஆடியவர். மனைவி பெரியம்மையில் போய்விட்டாள். மார்க் என்று ஒரு பையன். வேலைக்காரி இல்லை, அத்தை இல்லை, சமையல்காரர் இல்லை. அப்பனும் பிள்ளையும் தாங்களே பாத்திரம் கழுவினார்கள். கதை நடப்பது 1880-களில். அவர் சுழற்றிச் சுடுவது 1892 மாடல் வின்செஸ்டர். பிள்ளையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இன்னும் தயாராகாத துப்பாக்கியையே வாங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். பகலில் நாலு பேரைச் சுட்டுவிட்டு, ராத்திரி சாப்பாட்டு மேஜையில், "மகனே, எதற்கும் அடிதடி தீர்வாகாது" என்று சொல்கிற மனிதர். ஆனாலும் தட்டை அவரே கழுவினார். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

மற்ற வீடுகளில் 'தனி' அப்பா என்று ஒருவர் சட்டை கசங்காமல் வந்து நின்றபோதெல்லாம், அடுப்படியில் இன்னொரு ஆள் வியர்த்துக்கொண்டிருந்தார். வட கரோலினாவில் மேபெரி என்கிற கற்பனை ஊர் ஷெரிஃப் ஆண்டி டெய்லருக்கு அது அத்தை பீ. 1960-இல் தொடங்கிய 'ஆண்டி கிரிஃபித் ஷோ' நிஜமாகவே அழகான தொடர், கிண்டல் பண்ணக் கை கூசுகிறது. ஷெரிஃப் பையன் ஓப்பியை அழைத்துக்கொண்டு தூண்டிலோடு சீட்டியடித்தபடி குளக்கரைக்குப் போவார்; ஊரே அவரை மாதிரி அப்பா உண்டா என்று மெச்சும். அந்த நேரத்தில் பீ அத்தை மூன்று பேருக்குச் சமைத்து, துவைத்து, ஜெயிலில் கிடக்கிற கைதிக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அத்தைக்கு ஊறுகாய் மட்டும் வராது. 1961-இல் வந்த ஒரு எபிசோடே அதைப் பற்றித்தான். வெள்ளரிக்காய் ஊறுகாய், ஆனால் மண்ணெண்ணெய் வாடை. ஷெரிஃபும் உதவியாளர் பார்னியும் அத்தை மனம் நோகக்கூடாது என்று ஜாடிகளை ரகசியமாகக் காலி பண்ணிவிட்டுக் கடை ஊறுகாயை நிரப்பி வைக்கிறார்கள். காலி பண்ணியதை எங்கே கொட்டுவது? ஒழுங்காக வண்டி ஓட்டினதற்குப் பரிசு என்று வழியில் போகிற வெளியூர்க்காரர்களை நிறுத்தி ஆளுக்கொரு ஜாடி கொடுத்து அனுப்புகிறார் பார்னி. அத்தையோ மனிதர்கள் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஊறுகாய்ப் போட்டியில் கலந்துகொள்ளப் புறப்பட்டுவிடுகிறார். கடைச் சரக்கை வைத்து ஜெயித்தால் அநியாயம்; ஆகவே இருக்கிற ஜாடி அத்தனையையும் இரண்டு பேரும் தின்றே தீர்க்க வேண்டியதாகிறது. அத்தை பூரித்துப்போய் மறுபடியும் சொந்தக் கைப்பக்குவத்தில், ஜாடி ஜாடியாக, அதே வாடையோடு. தனி அப்பாக்களின் மொத்த வரலாற்றிலும் வீட்டு வேலை செய்தவருக்குக் கிடைத்த ஒரே பழிவாங்கல் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தத் துறையின் சக்கரவர்த்தி யார் என்றால், சந்தேகமே வேண்டாம், ஃப்ரெட் மெக்மரே. 1960 ஜூனில் வந்த 'தி அபார்ட்மென்ட்' படத்தில், கீழே வேலை பார்க்கிறவனின் வீட்டுச் சாவியை வாங்கிக் கள்ளத்தொடர்புக்குப் பயன்படுத்துகிற மேலதிகாரியாக நடித்தார். மூன்றே மாதம். செப்டம்பரில் ஏ.பி.சி.யில் 'மை த்ரீ சன்ஸ்' ஆரம்பம். அங்கே பைப் பிடிக்கிற, புன்னகைக்கிற, மனைவியை இழந்த விமான என்ஜினீயர் ஸ்டீவ் டக்ளஸ். 12 சீசன், 380 எபிசோட், அமெரிக்காவின் ஆதர்ச அப்பா.

ஆதர்ச அப்பா போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு 65 நாள்தான் வேலை செய்வார். அந்த 65 நாளில் மொத்த சீசனுக்கும் அவர் வருகிற காட்சிகளை வரிசையாக எடுத்துவிட வேண்டும். அவர் கோல்ஃபுக்கும் தன் பண்ணைக்கும் போன பிறகு மற்றவர்கள் மீதியை எடுத்துக்கொள்வார்கள். ஹாலிவுட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து காகிதப் பையில் கட்டிக்கொண்டு வருகிறவர். கணக்கில் அவரை மிஞ்ச முடியாது. செட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். சமையலறைக் காட்சியா, பல எபிசோடுக்கான சமையலறை அப்பாவை ஒரே மூச்சில் எடுப்பார்கள். பிள்ளைகள் காலையில் ஒரு கதைக்கு அழுது, சட்டை மாற்றி, அடுத்த கதைக்குச் சிரித்து, மறுபடி சட்டை மாற்ற வேண்டும். இன்று எடுத்த பாதிக் காட்சியின் மறுபாதி சில மாதம் கழித்துத்தான். நடுவில் முடி வளர்ந்துவிட்டால் மாட்டிக்கொள்வார்கள் என்று பையன்களுக்கு வாராவாரம் கிராப்பு வெட்டினார்கள். விருந்தினராக வந்த நடிகர்கள், மேஜைக்கு இந்தப் பக்கம் சொன்ன வசனத்துக்கு அந்தப் பக்கத்துப் பதிலை வாங்க இன்னொரு பருவத்தில் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் நெஞ்சைத் திறந்து அப்பாவிடம் பேசுகிற உருக்கமான கட்டங்களில் பாதி, அவர் இடத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசியவை. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருகிற அப்பாகூடக் கணக்கில் இவரைவிட ரொம்பப் பின்தங்கவில்லை.

அதுவரை பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது? மாமனார்! செத்துப்போன மனைவியின் அப்பா பப், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமைத்தார், பெருக்கினார், திட்டினார். பெண்ணையும் கொடுத்து, சமையலுக்கும் வந்து நின்ற மாமனார். நம் ஊர் மாப்பிள்ளைகள் ஸ்கூட்டர் கேட்டதோடு நிறுத்திக்கொண்டது எவ்வளவு பெருந்தன்மை! பப்பாக நடித்த வில்லியம் ஃப்ராலிக்கு உடம்பு முடியாமல் போய், இன்ஷூரன்ஸ் எடுக்க முடியாது என்று ஆனபோது, கதையில் அவரை அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டு அவருடைய தம்பி சார்லியை இறக்கினார்கள். சின்ன மாமனார். அதே ஏப்ரன்.

1965-இல் மூத்த மகனாக நடித்தவர் விலகினார். கல்யாணம் செய்துவைத்து வெளியூருக்கு வண்டியேற்றிவிட்டார்கள். இப்போது தலைப்பு உதைத்தது. மூன்று மகன்கள் என்று பெயர் வைத்துவிட்டு இரண்டை வைத்து எப்படிக் கடை நடத்துவது? கடைக்குட்டியின் சிநேகிதன் எர்னி, பெற்றோர் இல்லாத பையன், தயாராகக் கண்ணெதிரே நின்றான். தத்தெடுத்துவிடலாம் என்றால் சட்டம் குறுக்கே வந்தது: தத்தெடுக்கிற வீட்டில் ஒரு பெண்மணி இருந்தாக வேண்டும். மற்ற தொடராக இருந்தால் அப்பாவுக்குப் பெண் பார்த்திருப்பார்கள். இங்கே நீதிபதி கொடுத்த தீர்ப்பு, இந்தத் துறை முழுவதிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பிள்ளைகளை முழுநேரமும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். அந்த வேலையைச் செய்கிறவர் சார்லி. ஆகவே முன்னாள் மாலுமி, முரட்டுக் கிழவர், கரகரத்த குரல்காரர் சார்லியே இந்த வீட்டின் தாய் என்று கோர்ட்டில் அறிவித்துவிட்டார். சார்லியும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அப்பா வழக்கம்போல் புன்னகைத்தார். அறுபத்தைந்து நாளில் ஒரு நாள் அதற்குச் செலவாகியிருக்கும்.

தயாரிப்பாளர் டான் ஃபெடர்சனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. 1966-இல் 'ஃபேமிலி அஃபேர்'. மன்ஹாட்டனில் வசதியான என்ஜினீயர், மறுபடியும் என்ஜினீயர், பில் சித்தப்பா. அண்ணனும் அண்ணியும் செத்து மூன்று குழந்தைகள் வந்து சேருகின்றன. நடித்த பிரையன் கீத்துக்கும் அதே சுருக்கமான கால்ஷீட் வசதி. உண்மையில் வளர்ப்பது மிஸ்டர் ஃப்ரெஞ்ச் என்கிற தாடிக்கார ஆங்கிலேய பட்லர். அவராக நடித்த செபாஸ்டியன் கேபட்டுக்கு முதல் சீசனிலேயே உடம்பு சுகமில்லாமல் போனது. ஃபெடர்சன் கலங்கவில்லை. கைவசம் வைத்தியம் இருந்தது: பட்லருக்கு ஒரு சகோதரர்! அவரும் பட்லர்.

கிழக்கு நாட்டுக்காரர்களின் கதையை ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். 'பேச்சலர் ஃபாதர்' வக்கீலுக்குச் சீனப் பணியாள். கார்ட்ரைட்டுகளுக்குச் சீனச் சமையல்காரர். 1969-இல் வந்த 'தி கோர்ட்ஷிப் ஆஃப் எட்டீஸ் ஃபாதர்' தொடரில் ஜப்பானியப் பணிப்பெண். கடைசியில் சொன்ன வேடத்தில் நடித்தவர் மியோஷி உமெகி. 'சயோனாரா' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், நடிப்புக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் கிழக்காசியப் பெண். அந்த வீட்டில் ஆஸ்கர் வாங்கியிருந்தவர் ஒருவர்தான், அவர் கையில்தான் தட்டு. பையன் எட்டி மட்டும் கெட்டிக்காரன். அப்பாவுக்கு அவனே பெண் பார்த்தான். ஆறு வயதில் கல்யாணத் தரகு.

எழுபதுகளில் விவாகரத்து மெல்ல உள்ளே வந்தது, எண்பதுகளில் பேஸ்பால் ஆட்டக்காரர் வீட்டு வேலைக்குப் போனார், பார்க் அவென்யூ கோடீஸ்வரர் செத்துப்போன வேலைக்காரியின் பிள்ளைகளை வளர்த்தார். இதையெல்லாம் தாண்டி 1987-க்கு வந்துவிடுவோம். அம்மா செத்துப்போய் அவள் உயிலில் பெண்ணை இரண்டு முன்னாள் காதலர்களுக்கும் சேர்த்து எழுதிவைத்த 'மை டூ டாட்ஸ்' அந்த வருஷம்தான். ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு எழுதுகிற பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இதைவிடத் தெளிவு இருக்கும்.

அதே வருஷம் 'ஃபுல் ஹவுஸ்'. சான் ஃபிரான்சிஸ்கோ, மனைவியை விபத்தில் இழந்த டேனி டேனர், மூன்று பெண்கள். உதவிக்கு மச்சினன் ஜெஸ்ஸி, சிநேகிதன் ஜோயி. ஜெஸ்ஸியும் ஜோயியும் சேர்ந்து கைக்குழந்தைக்கு டயப்பர் மாற்றுவது முதல் எபிசோடிலேயே பெரிய போர்க்களம், ஸ்டுடியோவில் சிரிப்பலை. டேனியாக வந்த பாப் சாகெட், மேடையில் மைக்கைப் பிடித்தால் பச்சை பச்சையாகப் பேசியவர். இங்கே துடைப்பமும் பாசமுமாகப் பரிசுத்த ஆவி. கைக்குழந்தை மிஷெலாக நடித்தது இரட்டையர், மேரி கேட், ஆஷ்லி ஓல்சன். குழந்தையைப் படப்பிடிப்பில் அதிக நேரம் வைத்திருக்கச் சட்டம் விடாது என்பதால் மாற்றி மாற்றி இறக்கினார்கள். பெயர்ப் பட்டியலில் மட்டும் வெகுகாலம் ஒரே ஆள் போலக் காட்டினார்கள். ஆக, அப்பா வேலைக்கு மூன்று பேர், ஒரு குழந்தைக்கு இரண்டு குழந்தை. அம்மா பூஜ்யம். எட்டு வருஷம் இந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை.

2019-இல் வந்த 'தி மாண்டலோரியன்' எல்லாவற்றுக்கும் அடுத்த படி. விண்வெளியில் கூலிக்கு ஆள் பிடிக்கிறவன், வழியில் ஒரு பச்சைக் குழந்தை. நிறத்திலும் பச்சை. குழந்தைக்கு வயது 50. அப்பாவாக நடித்த பெட்ரோ பாஸ்கலுக்கு அப்போது 44. கார்ட்ரைட் வீட்டு வயதுக் கணக்கு இதற்கு முன் சரியாகவே தெரிகிறது. மாண்டலோரியன் இரும்புக் கவசத்தை மற்றவர் முன்னால் முகத்திலிருந்து கழற்றக் கூடாது. அதுதான் அவன் குல தர்மம். தயாரிப்பாளர்களுக்கும் அதைவிடத் தோதான தர்மம் கிடையாது. உள்ளே இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்? பல காட்சிகளில் கவசத்துக்குள் இருந்தவர் ஜான் வெயினின் பேரன் பிரெண்டன் வெயின். நாலாவது எபிசோடுக்குப் பாஸ்கல் படப்பிடிப்புக்கே வரவில்லை. குரல் மட்டும் பிற்பாடு கொடுத்தார். 65 நாள் என்று பேரம் பேசிய மெக்மரே இதைக் கேட்டிருந்தால் காகிதப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டியிருப்பார்.

அந்த எபிசோடை இயக்கியவர் பிரைஸ் டாலஸ் ஹோவர்ட். மேபெரியில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஷெரிஃப் பின்னால் ஓடினானே ஓப்பி, அந்தப் பையனாக நடித்த ரான் ஹோவர்டின் மகள். அவர் அங்கே வெறும் கவசத்தை வைத்துக்கொண்டு அப்பா பாசத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, நிஜ நடிகர் நியூயார்க்கில் நாடக ஒத்திகையில் இருந்தார். நாடகம் 'கிங் லியர்'. அவருக்கு அதில் பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுக்கிற எட்மண்ட் வேஷம். லியரின் குடும்ப நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று பெண்கள், மனைவி என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை, பேச்சுத்துணைக்குக் கூடவே ஒரு கோமாளி. ஷேக்ஸ்பியர் 'ஃபுல் ஹவுஸை' முழுசாகவே எழுதிவைத்துவிட்டார், வீட்டை மட்டும் பெண்கள் பெயருக்கு மாற்றித் தொலைத்துவிட்டார் கிழவர்.